கிழக்கு என்று எழுதிய பலகை

அடிக்கோலைக் கையில் பிடித்தவனுக்கு ஆகாயமும் ஆறடிதான். இருபத்துமூன்று வயதில் நான் அந்த மிதப்பில்தான் திரிந்தேன். மதுரையில் பஸ்களுக்கு மரக்கூடு கட்டும் பட்டறை ஒன்றில் படம் வரைகிற வேலை. காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். தோசை வட்டமாக இல்லையென்றால் எத்தனை அங்குலம் கோணல் என்று அம்மாவிடம் சொல்வேன். (அந்த வீட்டில் எனக்கு எப்படித் தோசை கிடைத்தது என்று இன்றும் விளங்கவில்லை.)

அப்போது தல்லாகுளத்தில் வக்கீலாக இருந்த தூரத்து உறவு மாமா, கலைந்துபோன நாடகக் குழு ஒன்றின் பழைய மோட்டார் வேனை வாங்கினார். குடும்பத்தோடு கோயில் கோயிலாகப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் அத்தை வெளியிடத்தில் கை நனைக்க மாட்டார். கிளப்புக் கடைக் காப்பி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே வேனுக்குள்ளேயே கையகலச் சமையல்கட்டு ஒன்று கட்டித் தரமுடியுமா என்று மாமா என்னைக் கேட்டார்.

முடியும் என்று அவர் வாயை மூடுமுன் சொன்னேன். காரணம் அவர்கள் மகள் சௌந்தரம். எனக்கு முறைப்பெண். அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்பதைத் தவிர இரண்டு வருஷமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. மாமாவுக்குச் சம்மதம்தான். அத்தைக்குத்தான் நான் பஸ் பட்டறைப் பயல் என்று இளக்காரம். அடுப்பு அமைந்தால் அத்தை மனசும் அமையும் என்று கணக்குப் போட்டேன்.

மாமா வீட்டு வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தி மூன்று வாரம் உழைத்தேன். வேனின் இடது சுவரை ஒட்டித் தகரம் அடித்த மேடை, அதில் பதித்த, கரி போட்டு எரிக்கும் கும்முட்டி அடுப்பு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதனதன் அளவில் ஒரு குழி. மடக்கினால் சுவர், விரித்தால் காய் நறுக்கும் பலகை. கழுவிய தண்ணீர் வெளியே போக இடது சுவரின் அடியில் ஒரு துவாரம்.

அத்தை ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். கிழக்குப் பார்த்துத்தான் சமைப்பாராம். இது ஒரு விஷயமா? காலையில் சூரியன் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தேன். இடது சுவர் சரியாகக் கிழக்கே இருந்தது. அடுப்பைப் பன்னிரண்டு திருகாணி போட்டு இறுக்கினேன். அத்தோடு விட்டேனா? அடுப்புக்கு மேலே ஒரு பலகை அடித்து, அதில் சிவப்புச் சாயத்தில் 'கிழக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

வேன் என்பது நகரும் வஸ்து என்று எனக்குத் தோன்றவேயில்லை.

புது அடுப்பில் முதலில் பால் காய்ச்சவேண்டும். அதையும் குலதெய்வத்தின் முன்னால் காய்ச்சுவது என்று முடிவாகி, ஒரு நல்ல நாளில் கீழக்குயில்குடி அய்யனார் கோயிலுக்குக் கிளம்பினோம். டிரைவர் கருப்பண்ணன் மலையடிவாரத்து வண்டிப்பாதையில் வேனை நிறுத்தினார். இடது பக்கம் நடவு முடிந்த வயல், வலது பக்கம் கண்மாய்க் கரை. அத்தை மணையில் உட்கார்ந்து, பால் சட்டியை வைத்து, நெருப்பு மூட்டப் போனவர் கையை நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கிழக்குன்னு எழுதுனது நீதானய்யா?"

"ஆமா அத்தை."

"அப்ப வெயிலு ஏன் என் இடது கன்னத்துல அடிக்குது?"

வேன் மேற்கே பார்த்து நின்றது. என் கிழக்கு அப்போது தெற்கில் இருந்தது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "தல்லாகுளத்துல கிழக்காத்தான் இருந்துச்சு அத்தை" என்றேன்.

மாமா மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தெற்குப் பார்த்து முதல் அடுப்புப் பற்றவைத்தால் குடும்பம் விளங்குமா என்று அத்தை கேட்டார். கல் கூட்டி வெளியே காய்ச்சலாம் என்றார் மாமா. பிறகு புது அடுப்பு எதற்கு என்று அத்தையிடமிருந்து பதில் வந்தது. அடுப்பைக் கழற்றலாம் என்றால் திருப்புளி தல்லாகுளத்தில் இருந்தது. மிச்சம் ஒரே வழிதான், வேனைத் திருப்புவது.

"அண்ணே, இம்புட்டு எடத்துல திருப்புனா வயலுக்குள்ளதான் போவும்" என்றார் கருப்பண்ணன் மாமாவிடம். நான் அடிக்கோலை எடுத்துப் பாதையை அளந்தேன். ஒன்பது அங்குலம் தாராளமாக இருக்கிறது என்று அறிவித்தேன். எல்லோரையும் இறக்கிவிட்டு அவர் இடதுபுறம் ஒடித்தார். வேன் தெற்கே திரும்பியது. திரும்பிய கையோடு முன்னங்கால் வயலுக்குள் இறங்கி, இடது பக்கமாகச் சாய்ந்து, சேற்றில் உட்கார்ந்துகொண்டது.

சௌந்தரம் எனக்கில்லை என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினேன். ஏதாவது செய்யவேண்டுமே என்று சேற்றில் குதித்து, சக்கரத்துக்குக் கல் கொடுக்கப் போனேன். அதற்குள் அத்தை வேனுக்குள் ஏறிப் பார்த்துவிட்டார். சூரியன் அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

"இப்பத்தான் சரியா இருக்கு. பால் பொங்குற வரைக்கும் யாரும் வண்டிய அசைக்கப்பிடாது."

பெட்ரோல் வண்டிக்குள் நெருப்பு என்று கருப்பண்ணன் அய்யனாரைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். வயல்காரர் சண்டைக்கு வந்தார். "பாலக் காச்ச ஒங்களுக்கு ஊருக்குள்ள அடுப்பே இல்லையா?" என்று கேட்டார். பால் பொங்குகிற நேரம் என்றதும் அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

சாய்ந்த சட்டியில் பால் எந்தப் பக்கம் பொங்கும்? இடது பக்கம்தான். பொங்கி, தகரத்தில் ஓடி, நான் அளவெடுத்துப் போட்ட துவாரம் வழியாக வெளியே வந்து, கீழே குனிந்திருந்த என் பிடரியில் விழுந்தது. நான் அலறிய அலறலில் கண்மாய்க் கொக்கெல்லாம் பறந்தன. உள்ளே அத்தை சந்தோஷமாக, "கிழக்க பொங்கிருச்சு" என்று குலவையிட்டார்.

அத்தையோடு உள்ளே ஏறியிருந்த சௌந்தரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"திருகாணி போடாம விட்டிருந்தா அடுப்ப மட்டும் திருப்பியிருக்கலாம்ல?"

பட்டறையில் ஒருவருக்கும், முக்கியமாக எனக்கு, தோன்றாத யோசனை. பால் சொட்டச் சொட்டத் தலையாட்டினேன்.

வயல்காரர் பால் குடித்துவிட்டு, தன் மாடுகளைப் பூட்டி வேனை இழுத்துவிட்டார். திரும்பும் வழியில் அத்தை பாத்திரக் குழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு மாமாவிடம், எனக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார்: "அம்புட்டுச் சாய்வுலயும் ஒரு கரண்டி விழுகல. பய கெட்டிக்காரந்தான், தெசதான் தெரியல. அத சௌந்தரம் பாத்துக்கிருவா."

பிடரி எரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் எரிந்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எந்தப் பக்கமும் இழுத்து வைக்கிற மாதிரி அடுப்பை மாற்றிக் கொடுத்தேன். அந்த வேன் ராமேஸ்வரம்வரை போய்வந்தது. கழற்றிய பலகையை நான் விறகில் போட்டேன். சௌந்தரம் எடுத்து வைத்துக்கொண்டாள். நாங்கள் சொந்தவீடு கட்டியபோது அதைத் துடைத்து, சமையலறையில் வேண்டுமென்றே தெற்குச் சுவரில் மாட்டினாள். இன்றும் அங்கேதான் தொங்குகிறது. விருந்தாளி யாராவது "இது தெற்காச்சே" என்று சொல்லிவிட்டால் போதும், அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கு எனக்குக் காப்பி வர ஒரு மணி நேரம் ஆகும்.