பிலாத்துவின் மீசை

“ஒண்டில் மீசை, இல்லாட்டில் பிலாத்து. ரெண்டும் ஏலாது, அம்புறோஸ் அண்ணை.”

ஜசிந்தா ரீச்சர் இதைச் சொன்னபோது அம்புறோசின் வலது கை தானாக மேலே போய் மீசையைப் பிடித்துக்கொண்டது, சனத்துக்குள் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல.

சாதாரண மீசையா அது? முப்பத்தொரு வருடம் தேங்காயெண்ணெயும் உப்புக்காற்றும் ஊட்டி வளர்த்தது. அம்புறோஸ் கூழ் குடித்தால் அதுவும் குடிக்கும். மிச்சத்தைத் தலையணை உறைக்குக் கொடுக்கும். வள்ளம் கரைக்கு வரும்போது ஆள் தெரியுமுன் மீசை தெரியும் என்று நாரந்தனை வரைக்கும் பேச்சு.

ஆனால் யேசுவுக்குத் தீர்ப்பிட்ட ரோம ஆளுநர் பிலாத்துவும் லேசுப்பட்ட வேடமா? தவக்காலத்தில் கோயில் வளவில் நடக்கும் பாடுகளின் நாடகத்தில் இருபத்திரண்டு வருடமாக அம்புறோஸ் நாலாவது ரோமச் சேவகன். ஈட்டியோடு நிற்க வேண்டும். வசனம் கிடையாது. இத்தனை காலமும் பிலாத்துவாக நின்றவர் தை மாதம் மகனோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட, கடைசியில் அம்புறோசுக்குப் பதினேழு வசனம் கிடைத்திருந்தது.

“முந்தினவர் மீசையோடதானே நிண்டவர், ரீச்சர்?”

“அது முந்தி. புத்தகத்திலை வடிவாப் போட்டிருக்கு. அந்தக் காலத்து ரோமிலை பெரிய குடும்பத்து ஆம்பிளையள் மீசை தாடி வைக்கிறேல்லையாம்.”

புத்தகம் மேசையில் கிடந்தது. செங்கல் பருமன். ரோமர் எப்படிச் சாப்பிட்டார்கள், உடுத்தார்கள், குளித்தார்கள் என்று முழுக்க வீட்டுச் சங்கதி. நடுவில் அடையாளத்துக்கு நீலப்பூப் போட்ட துணித் துண்டு ஒன்று. கணிதம் படிப்பிக்கிற ரீச்சருக்கு ரோமர்மேல் எப்போது இந்தக் காதல் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாடகம் பழக்குகிறவர் அவர். பங்குச் சுவாமியே அவருக்குப் பயம்.

“அப்ப சேவகர்மாரின்ர மீசை?”

“அந்தப் பக்கம் நான் இன்னும் வாசிக்கேல்லை.”

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி மேரிசுகந்தி கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். அந்த மீசையைப் பார்த்துத்தான் கலியாணத்துக்கே ஓமென்றவளாம். அம்புறோசுக்கு நெஞ்சு உருகிவிட்டது.

“நீர் அழாதையும். பிலாத்துவை வேண்டாம் எண்டு சொல்லிப்போடுறன்.”

அழுகை சட்டென்று நின்றது. “ஐயோ, உங்கட இருபத்திரண்டு வருச ஆசையைக் குழப்பினவள் எண்ட பேர் எனக்கு வேண்டாம். எடுங்கோ.” சுடுதண்ணீர் அவளே வைத்தாள். ஏதோ நல்ல காலத்துக்குப் புது பிளேட்டும் வீட்டில் இருந்தது.

மறுநாள் காலை, தொழிலுக்குப் போக இறங்குதுறைக்கு வந்த அம்புறோசின் அடையாள அட்டையைக் காவலில் நின்ற நேவிக்காரர் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார்.

“இந்த அண்ணாவோட மீசை எங்க?”

“ரோமுக்குக் குடுத்திட்டன்.”

“ரோம் எங்க இருக்கு? அனலைதீவுப் பக்கமா?”

அன்றைக்குத் தொழில் இல்லை. வள்ளத்தில் கூடப்போகும் டிலோன் மட்டும் தனியே போனான். புது நாலாவது சேவகன் அவன்தான். “உங்கட முகம் உரிச்ச பனங்கிழங்கு மாதிரிக் கிடக்கு, அண்ணை” என்று தன் மீசையைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

அட்டையில் மீசை இருந்தால் முகத்திலும் ஒன்று இருந்துவிட்டால் போயிற்று. மேரிசுகந்தி ஆட்டு மயிரில் அச்சொட்டாக ஒரு மீசை கட்டினாள். நாடகத்துக்கு வைத்திருந்த பசையை மட்டும் தொடவிடவில்லை. அது அவருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாதாம். கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டிவிட்டாள்.

கடற்கரையில் கோதுமை மாப் பசைக்கு எவ்வளவு ஆயுள்? நேவிக்காரர் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிய நேரம் ஒரு அலை தூவானம் அடித்தது. மீசை மெல்ல இடது கன்னத்துக்குப் போனது. பிறகு நாடிக்கு இறங்கியது. நேவிக்காரர் அதன் பயணத்தைக் கடைசி வரை பார்த்துவிட்டுத் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

மீசை இல்லாத ஆளைவிடக் கழற்றிப் பூட்டும் மீசைக்காரன் சந்தேகத்துக்குரியவன் அல்லவா? மேலதிகாரி கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, பொறுப்பான ஒருவரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார்.

பங்குச் சுவாமி பொய் எழுதாதவர், நீட்டியும் எழுதாதவர். இரண்டே வரி எழுதி முத்திரை குத்தினார்: “இதைக் கொண்டுவருபவர் உயிர்ப்பு ஞாயிறு வரை பிலாத்து. அதற்குப் பிறகு அம்புறோஸ்.”

கடிதம் காவலறைச் சுவரில் ஏறியது. அடுத்த நாளிலிருந்து “பிலாத்து ஐயா, போங்க” என்று வழிவிட்டார்கள். துறைமுகம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, கோதுமை மாவைவிடப் பலமாக.

இதற்குள் நாலு நாள் தொழில் போய்விட்டது. வேடத்தைத் திருப்பிக் கொடுக்க அம்புறோஸ் கிளம்பினார். வாசலில் மறித்தது மேரிசுகந்திதான்.

“மீசையும் போய், பிலாத்துவும் போனால் ஊர் சிரிக்குமப்பா.”

நியாயம்தானே?

அடுத்த இடி உடுப்பில் விழுந்தது. புத்தகத்தின்படி பெரிய ரோமர் எட்டு முழத் துணியை உடம்பில் சுற்றி, அதன் மடிப்பை இடது கையில் தாங்க வேண்டும். கையை இறக்கினால் துணி இறங்கும்.

“அப்ப ஒரு கையாலை எப்பிடி ரீச்சர் கை கழுவுறது?” பிலாத்து கை கழுவாவிட்டால் நாடகமே இல்லை.

ரீச்சர் பக்கங்களைப் புரட்டினார். ரோமர் வீட்டில் எல்லாவற்றுக்கும் அடிமைகள் இருந்தார்கள். டிலோன் கழுவிவிடட்டும் என்றார். நாடகம் பழகுவதைப் பார்க்க வந்த சுவாமி அதைக் கேட்டு முதல்முறையாக ரீச்சரை எதிர்த்தார்.

“பிலாத்துவின்ர கையை வேற ஆள் கழுவினால், பாவம் ஆரிட்டை நிக்கும்?”

ரீச்சர் புத்தகத்தை மூடினார். ஆகவே இரண்டு கையையும் அம்புறோசே கழுவ வேண்டும், துணியும் விழக்கூடாது என்று முடிவாயிற்று. எப்படி என்று மட்டும் முடிவாகவில்லை.

பெரிய வெள்ளி பின்னேரம். கோயில் வளவில் ஊசி விழ இடமில்லை. பதினாறு வசனத்தை அம்புறோஸ் பிசகாமல் முடித்தார். டிலோன் வெண்கலச் சட்டியை நீட்டினான். இடது கை சட்டிக்குள் போனது. எட்டு முழமும் தோளிலிருந்து வழுக்கியது. உள்ளே கட்டியிருந்தது பச்சைக் கட்டம் போட்ட சாரம்.

அம்புறோஸ் கடலில் பழகியவர். காற்று திரும்பினால் பாயை எதனால் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிற சாதியில்லை. துணியைப் பல்லால் கவ்விக்கொண்டார். தன்மேல் குற்றமில்லை என்ற பதினேழாவது வசனத்தைக் கடித்த பல்லுக்குள்ளாலேயே சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

பெண்கள் பகுதியில் விம்மல் எழுந்தது. இப்படி மனச்சாட்சி வதைத்த பிலாத்துவை இந்தத் தீவு கண்டதில்லை என்று சுவாமியே பிறகு கையைப் பிடித்துச் சொன்னார். முன்வரிசையில் மேரிசுகந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி குலுங்கிக்கொண்டிருந்தாள். பாவம், மீசையை நினைத்து அழுகிறாள் என்று அம்புறோசுக்குப் பட்டது.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்தது. திங்கட்கிழமை காலை கண்ணாடி முன் நின்று, “இனி பிளேட் படாது, அவளுக்காக” என்று அம்புறோஸ் சபதம் எடுத்தார். செவ்வாய்க்கிழமை ரீச்சர் வழியில் மறித்தார். அடுத்த வருடமும் அவரே பிலாத்து என்றார். முகத்தை மட்டும் இப்படியே வைத்திருக்கட்டுமாம். அம்புறோஸ் சந்திப் பக்கம் போகிறபடியால், ரோமர் புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிடும்படி அவர் கையில் திணித்தார்.

அம்புறோஸ் அதை நூலக மேசையில் தொப்பென்று போட்டார். “இந்தா பிள்ளை, என்ர மீசையைத் திண்ட புத்தகம்.”

நூலகப் பொறுப்பாளர் கோசலா புத்தகத்தைத் திறந்து, நடுவிலிருந்த துணித் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். நீலப்பூ. ஓரத்தில் காய்ந்த கூழ்க் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும். எங்கேயோ பார்த்த துணி. எங்கேயோ என்ன, முகத்தை வைத்துப் படுத்த துணி.

கோசலா இரவல் அட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஓம் அண்ணை, இது தை மாசம் உங்கட மனிசி எடுத்துக்கொண்டு போனது. ‘மீசை வைக்காத ஆக்களைப் பற்றி ஒரு புத்தகம் தாங்கோ, ரீச்சருக்குக் குடுக்க’ எண்டு வந்து கேட்டவ. நான் முதலிலை எகிப்துக்காரரைக் குடுக்க, ‘எங்கட நாடகத்திலை எகிப்துக்காரர் இல்லையே, பிள்ளை’ எண்டு திருப்பித் தந்திட்டா.”