இன்னும் கொஞ்சம் பேசலாம் சார்

"இவன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு வேலை ஓட மாட்டேங்குது சார்!" என்று பாண்டுரங்கன் மேசையைத் தட்டினான். பக்கத்து நாற்காலியில் நடேசன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் உலை ஷெட்டில் கான்ட்ராக்ட் ஆட்கள்.

ஜெபகுமார் தலையைப் பிடித்துக்கொண்டார். தண்டலம் பக்கத்து இரும்பு வார்ப்புக் கம்பெனிக்கு அவர் புது வெல்ஃபேர் ஆபீசர். தொண்ணூற்றொன்றாம் வருஷத்துச் சித்திரை வெயில் வேறு. "ஷெட்டுல சண்டை நிக்கணும். இல்லேன்னா நீங்க கிளம்பலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி ஷெர்லின் நிறைமாதம். மனுஷன் எப்படித் தூங்குவார்?

இருந்தாலும் பேச்சில் அவருக்கு அபார நம்பிக்கை. ஃபேனைக் கூட்டி வைத்தார். "மனசுல இருக்கிறதைக் கொட்டுங்க. தண்ணி குடிங்க. அவசரமே இல்ல."

பாண்டுரங்கன் கத்தித் தீர்த்தான். நடேசன் சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "சரி சார்" என்றார். கை குலுக்கிப் போனார்கள்.

மறுநாள் மறுபடி வந்து நின்றார்கள்.

"இன்னிக்கு என்னய்யா?"

"முறைச்சான் சார்."

இரண்டு பேரையும் ஷெட்டின் ஆளுக்கொரு மூலைக்கு மாற்றினார். பாண்டுரங்கன் சண்டை போடுவதற்காகவே அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு ஓடி வந்தான். தனித்தனியாகப் பேசிப் பார்த்தார். நடேசன் வாயையே திறக்கவில்லை.

"ஏதாவது பேசுப்பா."

"யோசிச்சிகினு கீறேன் சார்."

அதற்குப் பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சண்டை இரண்டானது.

"போதும், எழுந்திருங்க" என்றால், "இன்னும் கொஞ்சம் பேசலாம் சார்" என்று கெஞ்சினான் பாண்டுரங்கன்.

"பேச வுடுங்க சார், பாவம்" என்றாள் டீ கொண்டுவந்த கிளியம்மாள்.

"யாரு பாவம்? நானா?"

"டீ ஆறுது சார்."

மேனேஜர் மறுபடி கூப்பிட்டுக் கிழித்தார். ஜெபகுமாருக்கு நம்பிக்கை போய் ஆத்திரம் வந்தது. "இனிமே சண்டைன்னு இந்த வாசப்படி மிதிச்சா, ரெண்டு பேர் சீட்டையும் கிழிச்சிடுவேன்!"

சண்டை நின்றது! மறுநாளும் இல்லை. மேனேஜரே வந்து முதுகில் தட்டினார்.

"எல்லாம் பேசிப் பேசியே சரி பண்ணினேன் சார்" என்றார் ஜெபகுமார், கொஞ்சம்கூடக் கூசாமல்.

அப்போதுதான் ஷெட்டில் கூச்சல் கேட்டது. உலைக்குப் பக்கத்தில் நடேசன் விழுந்து கிடந்தார். ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள். மூச்சு இருந்தது, அவ்வளவுதான். "மாமா! மாமா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு பாண்டுரங்கன் ஜீப் பின்னாலேயே ஓடினான்.

ஜெபகுமார் திகைத்து நின்றார். "விரோதிக்காகவா இவன் இப்படி அழறான்?"

கிளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"விரோதியா? அவருக்கு நெஞ்சு வலின்னா கான்ட்ராக்டரு நாளைக்கு வராதேன்னுடுவான் சார். சண்டைன்னாதான் நீங்க ஃபேனுக்கு அடியில உக்கார வுடுவீங்க."