ஐந்து மீட்டர் மேடு

கணினித் திரையில் வெள்ளம் சரியாக அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. மழை வந்தால் ஊரில் எங்கெங்கே தண்ணீர் தேங்கும் என்று மாதிரி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வரைபடக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தெரு முழுக்கச் சிவப்பு. ஆபத்துப் பகுதி என்று அச்சாகிவிட்டால் வீட்டை எவன் வாங்குவான்? ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அக்கம்பக்கம் பார்த்தார். தரைமட்டக் கணக்கில் தன் தெருவை மட்டும் இரண்டு மீட்டர் உயர்த்தினார். தண்ணீர் சமர்த்தாக நகர்ந்து அவருடைய துறை இயக்குநர் வீட்டுக்குள் போனது.

"என்னய்யா இது, என் படுக்கையறையில மீன் வளர்க்கவா?" என்று வரைபடத்தைப் பார்த்த இயக்குநர் எகிறினார்.

"சின்னத் தப்பு சார். இதோ சரி பண்ணிடறேன்."

இயக்குநர் வீட்டையும் தூக்கினார். பாழாய்ப்போன தண்ணீர் திரும்ப வரைபடக்காரரின் தெருவுக்கே வந்தது. "ஒழி!" என்று தன் தெருவுக்கு இன்னும் மூன்று மீட்டர் போட்டார். அது போய் நின்ற இடம், அக்காவின் தெரு.

அப்பா போன பிறகு அவரைப் படிக்க வைத்தவள் அக்கா. அவள் தெருவையும் தூக்கினால் தண்ணீர் மறுபடி எங்கே வந்து தொலைக்குமோ? 'அக்கா இருக்கறது வாடகை வீடுதானே' என்று மனதைத் தேற்றிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த மாதமே மழை அடித்துக் கொட்டியது. காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

"ரெண்டு படி உசத்திக் கட்டுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" என்றாள் கட்டிலின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவி.

"அஞ்சு மீட்டர் உசத்தியாச்சுடி" என்று முனகினார்.

அக்கா போன் செய்தாள். "தம்பி, எங்க தெருவுல பொட்டுத் தண்ணி இல்லடா. ஆனா சிவப்புப் பகுதின்னு எல்லாரையும் பஸ்ல ஏத்திட்டாங்க. மேடான இடத்துக்குப் போறோமாம். நீ போட்ட மேப்பாமே? பெருமையா இருக்குடா!"

"ஜாக்கிரதைக்கா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். பிறகு வெள்ள உதவி எண்ணை அழைத்து, தெருப் பெயரைச் சொல்லி, "உடனே ஒரு படகு அனுப்புங்கம்மா!" என்று கத்தினார்.

மறுமுனையில் இருந்த பெண் சிரித்தாள்.

"விளையாடாதீங்க சார். மேப்புல ஊருக்கே பெரிய மேடு உங்க தெருதான். சிவப்புப் பகுதி ஜனங்களை ஏத்திக்கிட்டு நாலு பஸ்ஸும் அங்கதான் வந்துட்டிருக்கு, கொஞ்சம் கதவைத் திறந்து வைங்க."