அடையாறு நீச்சல்குளத்துக்கு நான் வைத்த பாய்லர்

சென்னையில் ஒரு வீட்டு நீச்சல்குளத்தின் தண்ணீரைச் சூடாக்குவதற்கென்று எண்ணெயில் எரியும் பாய்லர் ஒன்றை விற்ற ஆள் உண்டு. அது நான்தான். வருஷத்தில் பத்து மாதம் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருகிற ஊர் இது. கேட்பவர்கள் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள். அதனால் மிச்சத்தைச் சொல்லாமல் தப்பித்து வந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்துமூன்று வயது. சாந்தோமில் வீடு, அப்பா அங்கேயே கணக்கு வாத்தியார். பொறியியல் முடித்த கையோடு, ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாய்லர் விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். நாலு மாதமாகியும் ஒரு திருகாணிகூட விற்கவில்லை. (ஆனால் டை கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.) மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அடையாறில் அவர் வாங்கிய பங்களாவோடு ஒரு நீச்சல்குளமும் சேர்ந்து வந்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. மண்ணைக் கொட்டி வாழை வைக்கலாம் என்றிருந்த நேரத்தில், அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர், "தினம் அரை மணி இடுப்பளவு தண்ணியில நடக்கணும். இப்ப விட்டா கால் அப்படியே மடங்காம நின்னுடும்" என்று சொல்லிவிட்டார்.

குளத்தைக் கழுவித் தண்ணீர் நிரப்பினார்கள். அம்மாள் கைத்தடியோடு குளத்தின் ஓரம் வரை வருவார். "குளிருது" என்பார். திரும்பிப் போய்விடுவார். பத்து நாளாக இதே கதை. மார்கழி மாதம் வேறு. அண்ணாச்சி பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

நான் எங்கள் கம்பெனியில் பாய்லர் பூட்டும் பிட்டர் கன்னியப்பனை அழைத்துக்கொண்டு போனேன். பட்டினப்பாக்கத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் போனதும் முதல் வேலையாகக் குளத்தில் கையை விட்டுப் பார்த்தான். நான் போனதும் முதல் வேலையாகக் கேட்லாக்கைப் பிரித்தேன்.

"கரண்ட்டுல சூடு பண்ணலாம் அண்ணாச்சி. ஆனா மின்வெட்டு வந்தா அம்மா பாதிக் குளத்துல நிப்பாங்க. தண்ணியில கரண்ட்டுன்னா பயமும் உண்டு. விறகு அடுப்பு வெச்சா வீடு கல்யாண மண்டபம் மாதிரி புகையும். உங்களுக்குச் சரியானது எண்ணெய் பாய்லர்தான். சுவிட்சு போட்டா போதும்."

"நமக்கு என்ன தெரியும் தம்பி. நீங்க சொன்னாச் சரிதான். அவ எந்திரிச்சு நடக்கணும், அவ்வளவுதான் பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

கன்னியப்பன் என் காதோரம் வந்தான். "சார், தண்ணி வெதுவெதுன்னு தான் கீது. ரொம்ப வேணும்னா மாடில கருப்பு பைப்ப வளைச்சு வளைச்சு உட்டா வெயிலே காய்ச்சிக் குடுத்துடும். இதுக்குப் போயி இன்னாத்துக்கு பாய்லரு?"

"கன்னியப்பா, நீ இஞ்சினியரா, நான் இஞ்சினியரா?" என்று கேட்டேன். (கேட்டேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.)

நாற்பது அறை லாட்ஜுக்குப் போதுமான பாய்லரைத் தேர்ந்தெடுத்தேன். கேட்லாக்கில் அதன் படம் கம்பீரமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

பாய்லர் பூட்டிக்கொண்டிருந்த நாளில் அம்மாள் என்னிடம் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தரையைப் பார்த்துத்தான் பேசுவார். "தம்பி, சுத்தி ஒரு தட்டி கிட்டி வைக்க முடியுமா?"

நான் பலகையில் எழுதாத குறையாக விளக்கினேன். "அம்மா, சூடு தண்ணியோட மேல்பக்கமாத்தான் போகும். பக்கத்துல தட்டி வெச்சா நிக்காது. நீங்க கவலைப்படாதீங்க, பாய்லர் பாத்துக்கும்."

அவர் கைத்தடியைத் திருப்பிப் பிடித்தார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு விட்டிருந்தால் என் மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும். முதல் ஆர்டர் அல்லவா, அதைத் திறப்பு விழாவாக நடத்த வேண்டும் என்று மேனேஜரிடம் யோசனை சொன்னேன். பத்திரிகை விளம்பரத்துக்குப் படமும் கிடைக்கும் என்றதும் அவர் பெருமூச்சை நிறுத்தினார். கோடம்பாக்கத்திலிருந்து ஒரு போட்டோகிராபரை நானே பேசி முடித்தேன். கடை ஊழியர்கள், அக்கம்பக்கத்தார், டாக்டர், டாக்டரின் மச்சான் என்று நாற்பது பேரைத் திரட்டியதும் நானே.

தை பிறந்த அந்த வாரம், ஒரு காலை ஒன்பது மணி. குளத்திலிருந்து ஆவி பறந்தது. தேங்காய் உடைத்தார்கள். நான் வெள்ளை டெரிலின் பேன்ட், வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. நாற்பது பேரும் குளத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாள் புதுப் புடவை கட்டி, கழுத்தில் நாங்கள் போட்ட மாலையோடு, படியோரம் வந்து நின்றார்.

"அம்மா, கொஞ்சம் சிரிச்ச முகமா இறங்குங்க" என்றார் போட்டோகிராபர்.

அம்மாள் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். "குளிருது" என்றார்.

கண்ணெதிரே ஆவி பறந்துகொண்டிருக்கிறது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் பாய்லர் பக்கம் திரும்பி, "கன்னியப்பா, இன்னும் நாலு டிகிரி ஏத்து" என்று கத்தினேன்.

"சார், இதுக்கு மேல ஏத்துனா அரிசி போட்டுடலாம் சார்" என்றான் அவன்.

"இல்லம்மா, நல்ல வெந்நீர்தான், இதோ பாருங்க" என்று, தொட்டுக் காட்டுவதற்காகக் குனிந்தேன். ஈரத்தில் ஷூ வழுக்கியது. டையோடு, கேட்லாக்கோடு, குளத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

தண்ணீர் சூடு விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. ஆனால் கழுத்து வேலூரில் இருக்க, கால் ஊட்டியில் இருந்தது. சூடான தண்ணீர் மேலே மிதக்கும், கலக்கிவிட ஒரு பம்பு வேண்டும் என்பதை, அதே விதியை அம்மாளுக்குப் பாடம் எடுத்த இஞ்சினியர் மறந்துபோயிருந்தார்.

எழுந்து படியேறினேன். பாதி ஏறும்போதுதான் கூட்டம் ஏன் இவ்வளவு சிரிக்கிறது என்று குனிந்து பார்த்தேன். நனைந்த வெள்ளை டெரிலின் கண்ணாடிபோல் ஆகிவிட்டிருந்தது. உள்ளே போட்டிருந்த பட்டாபட்டி டவுசரின் பச்சைக் கோடுகளை எண்ணி எடுத்துவிடலாம். அடையாறு காற்று வேறு வீசியது. கேமரா பளிச்சென்றது. கையால் முன்னால் மறைத்தால் பின்னால் பத்துப் பேர். பின்னால் மறைத்தால் முன்னால் முப்பது பேர். ஒளிவதற்கு ஒரு சுவரில்லை, ஒரு மரமில்லை. நான் நடுங்கினேன்.

யாரோ என் தோளில் ஒரு பெரிய துண்டைப் போர்த்தினார்கள். அம்மாள்தான். தன் புடவைக்கு மேல் சுற்றிக்கொள்வதற்காகக் கையில் வைத்திருந்த துண்டு அது. எனக்கு மட்டும் கேட்கும்படி, "குளிருதா தம்பி?" என்று கேட்டார்.

அதில் குத்தலே இல்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்த குளிர் தண்ணீரில் இல்லை. அடுத்த வீட்டு மாடியும், தோட்டக்காரரும், டிரைவரும் பார்த்துக்கொண்டிருக்க, ஈரப் புடவையோடு அந்தப் படியில் ஏற வேண்டுமே என்ற குளிர். அதைப் புருஷனிடம் சொல்லக் கூசினார். டாக்டரிடம் சொல்லக் கூசினார். என்னிடம்தான் கொஞ்சம் தைரியமாகச் சொல்லிப் பார்த்தார். நான் வெப்பவியல் நடத்தினேன். அது போதாதென்று நாற்பது நாற்காலியும் போட்டு வைத்தேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பல் தந்தியடித்ததில் வார்த்தை வரவில்லை. "அண்ணாச்சி, எல்லாரையும் அனுப்பிச்சிருங்க. நாலு பக்கமும் கீத்துத் தட்டி கட்டணும்" என்று மட்டும் எப்படியோ சொன்னேன். அண்ணாச்சி என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகம் கறுத்து, "ஏட்டி, இத என்கிட்ட சொல்லக் கூடாதா" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்க என்னைக்குக் கேட்டீங்க" என்றார் அம்மாள்.

சாயங்காலத்துக்குள் கன்னியப்பன் ஆள் பிடித்துத் தட்டி கட்டி முடித்தான். கடைசிக் கயிற்றை முடிந்துவிட்டு, "படிச்சவன்லாம் இப்டிதான் சார், உடு" என்றான். ஆறுதல்தான் சொன்னான் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வேலைக்காரப் பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு அம்மாள் தண்ணீருக்குள் இறங்கினார். பாய்லரை அணைத்துவிடச் சொன்னாராம். பங்குனிக்குள் கைத்தடியை விட்டுவிட்டார். பாய்லரை ஒரு லாட்ஜுக்காரர் வாங்கிப் போனார். நானும் விற்பனையை விட்டுவிட்டு அப்பாவைப் போல வாத்தியார் ஆனேன். இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குக் கோயில் படியேறி வந்த அம்மாள், என் மனைவியிடம் ஒரு கவரைக் கொடுத்தார். உள்ளே போட்டோகிராபர் எடுத்த அந்தப் படம். கூடவே முழுக் கதையையும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கும் நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டால், என் மகள் கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள்: "அம்மா, அப்பா குளிக்கப் போறார். நாற்பது பேருக்குச் சொல்லி அனுப்பிட்டியா?" வீடே சிரிக்கும், பேரப்பிள்ளைகள் உட்பட. நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போவேன். போய், தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன்.