இருக்கையோடு இறங்கியவன்

சம்பந்தி வீட்டில் "போதும்" என்று சொல்லத் தெரியாதவன் ரேஸ் கார் ஓட்டக் கூடாது. எந்த விதிமுறையிலும் இது கிடையாது. நான் என் உடம்பால் கண்டுபிடித்தது.

ஜூனியர் ரேஸில் அது எனக்குக் கடைசி வருடம். அதற்குமேல் வயது இடம் கொடுக்காது. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா மேல ஓட்டு. இல்லையின்னா உரக்கடையில வந்து உக்காரு." ஜெயித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். (அந்த வயதில் நான் எதைத்தான் நினைக்கவில்லை?)

ஒற்றை ஆள் உட்காரும் அந்தக் காரில் இருக்கையை அவரவர் உடம்புக்கே வார்ப்பார்கள். நம்மை உட்காரவைத்து, சுற்றிலும் நுரை ஊற்றி இறுகவிடுவார்கள். அளவு கொடுத்த கையோடு அக்கா கல்யாணத்துக்குக் காரைக்குடி வந்தேன்.

கல்யாணம் முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளைக்கு வீடு வீடாக விருந்து. "ரேஸ் காரே ஓட்டுறவன், நம்ம காரை ஓட்டமாட்டானா?" என்று சித்தப்பா என்னை டிரைவராக்கினார். பெண்ணின் தம்பி அல்லவா, பந்தியில் மாப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை எனக்குத்தான். நேமத்தான்பட்டியில் கோழி, ஆத்தங்குடியில் ஆட்டுக்கறி, அமராவதிபுதூரில் இரண்டும். இலையை மூடப் பார்த்தால் அக்காவின் மாமியார் கரண்டியோடு வந்து நிற்பார்.

"என்ன தம்பி, கொறிக்கிறீக? எங்க சாப்பாடு புடிக்கலையாக்கும்?"

அக்கா என்னைப் பார்ப்பாள். அவளுடைய மொத்த வாழ்க்கையும் என் இலையில் இருப்பதுபோல ஒரு பார்வை. சாப்பிட்டேன். (அக்காவுக்காகத்தான். பால் பணியாரம் மட்டும் எனக்காக.)

ரேஸ் சென்னைப் பக்கம். குடும்பமே வேன் பிடித்து வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தது. காருக்குள் நான் இறங்கவில்லை. மெக்கானிக்குகள் தோளைப் பிடித்து அமுக்கி இறக்கினார்கள். ஒருவழியாக உள்ளே போனதும் கேலரியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அப்போதுதான் பரிசோதகர் வந்தார். விபத்து என்றால் ஓட்டுகிறவன் தானாக, சட்டென்று வெளியே வர முடியுமா என்று சோதிப்பார்கள். விசில் ஊதினார். ஸ்டியரிங்கைக் கழற்றினேன். பெல்ட்டை விடுவித்தேன். எழுந்தேன். அதாவது, கழுத்து வரை எழுந்தேன்.

மறுபடி விசில். மறுபடி கழுத்து.

கடைசியில் இரண்டு மெக்கானிக்குகள் அக்குளில் கைகொடுத்து இழுக்க, பொளக்கென்று வெளியே வந்தேன், இருக்கையோடு. முதுகில் ஆமைபோல அதைச் சுமந்துகொண்டு நின்றபோது கேலரியில் பலத்த கைதட்டல். எங்கள் வேன் ஆட்கள்தான். "தம்பி ஜெயிச்சுட்டாக!" என்ற குரல் அக்காவின் மாமியாருடையது.

"ஓட்ட முடியாது தம்பி, சாரி" என்றார் பரிசோதகர்.

நான் இல்லாமலே ரேஸ் நடந்தது. வேனுக்குப் பின்னால் நின்று நிஜமாகவே அழுதேன். அப்பா வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் முகம் சிவந்திருந்தது. தோளில் கைபோட்டுச் சொன்னார்: "வாடா. கடைச் சேரு கொஞ்சம் அகலந்தான்."

இன்றைக்கு உரக்கடை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் விருந்தில் யாரும் "போதும்" என்பதில்லை. இலைக்குமேல் கையை வைத்து, "எறங்கணும்ல" என்பார்கள், பந்தியே சிரிக்கும். போன மாதம் ஒரு காதுகுத்தில் நானும் அப்படிக் கையை வைத்தேன். அக்காவின் மாமியார் கரண்டியை விலக்கவில்லை.

"ஒங்களுக்கு என்ன தம்பி, நாளைக்கு ரேஸா இருக்கு?"

நியாயந்தானே. கையை எடுத்துவிட்டேன்.