மூன்று கொட்டேஷன் வாங்கிய கணினி

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு இருபது. கோயம்புத்தூரில் சப்ளை செய்பவர்களைச் சோதிக்கும் மூன்று நாள் வெண்டர் ஆடிட் முடித்துவிட்டு, ஓசூர் பாகலூர் ரோட்டில் இருந்த என் வாடகை வீட்டுக்குத் திரும்பினேன். முதலில் கண்ணில் பட்டவை, மாடிப்படிக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த எட்டு அட்டைப்பெட்டிகள். அடுத்துக் கண்ணில் பட்டவர், அவற்றுக்குக் காவலாக பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்த வீட்டு ஓனரம்மா வெங்கடம்மா.

"ஏம்ப்பா, கல்யாணம் முடிவாயிடுச்சா? ஒரு வார்த்த சொல்லல?"

"இல்லம்மா. யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? தினம் ரெண்டு மூணு பொட்டி வருது. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குறேன். சீர் சாமான்தானே?"

"கம்ப்யூட்டர்மா."

வெங்கடம்மா பெட்டிகளை ஒருமுறை எண்ணினார். "எட்டு கம்ப்யூட்டரா? ஒத்த ஆளுக்கா?"

எட்டும் சேர்ந்தால்தான் ஒரு கம்ப்யூட்டர் என்று விளக்கினேன். மறுநாள் காலைக்குள் அந்த வாக்கியம் பொய்யாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை. எந்தப் பொருளையும் ஊர் உலகத்தைவிட நாலு ரூபாய் குறைவாக வாங்குபவன் என்று பெயர் எடுத்திருந்தேன். (அந்தப் பெயரை எனக்குக் கொடுத்ததே நான்தான் என்பது வேறு விஷயம்.)

கணினி வாங்கியதற்குக் காரணம் வேலை இல்லை, விளையாட்டு. கல்லூரி விடுதியில் நாங்கள் நாலு பேர் ஒரே அறை. படிப்பு முடிந்ததும் சதீஷ் சென்னைக்கும், இன்னொருவன் புனேவுக்கும், இன்னொருவன் துபாய்க்கும் போனார்கள். நான் கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்தேன். மற்ற மூவரும் ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கணினியில் ஒன்றாகச் சேர்ந்து ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவார்கள். அணிக்கு நாலு பேர். என்னிடம் கணினி இல்லாததால் நாலாவது ஆளாக முன்பின் தெரியாத யாரையாவது அந்த விளையாட்டே சேர்த்துவிடும்.

நான் சும்மா இருக்கவில்லை. கைப்பேசி வழியாக அவர்கள் பேச்சில் சேர்ந்துகொள்வேன். அவர்கள் சுடுவார்கள், நான் துணி துவைப்பேன். "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று சதீஷ் கத்தும்போது நானும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அங்கே வாளி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சதீஷ் தனியாகக் கூப்பிட்டான்.

"ஏல, புனேக்காரன் ஆபீஸ்ல ஒரு பையன் நல்லா ஆடுதான். நிரந்தரமா சேத்துக்கிடலாமான்னு கேக்கான். நீ எப்பம்ல வாங்கப் போற?"

"இந்த மாசம் போனஸ் வருது. வாங்கிருவேன்."

"மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வரைக்கும் சொல்லி வைக்கேன். அதுக்குள்ள வந்துரு. வரலன்னா அவன எடுத்துக்கிடுதோம், கோவிச்சுக்கிடாத. என்னென்ன வாங்கணும்னு லிஸ்ட் அனுப்பட்டா?"

"பர்ச்சேஸ்ல இருக்கவனுக்கு நீ லிஸ்ட் அனுப்புவியால?" என்றேன். அந்தக் கேள்வியை இன்று யார் என்னிடம் சொல்லிக் காட்டினாலும் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கையில் இருந்தது ஐம்பதாயிரம். அதற்குள் முடிக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு நட்டு வாங்குவதென்றாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகப் போட்டு, யார் குறைவோ அவருக்கே ஆர்டர் கொடுக்க வேண்டும். ஐந்து வருடம் வேறு எதுவும் செய்யாதவனுக்கு அதுவே உலகத்தின் ஒழுங்காகத் தெரியும். நானும் எட்டுப் பொருளுக்குத் தனித்தனியாக மூன்று விலை கேட்டேன். ஓசூர் கடைகள், பெங்களூரு எஸ்.பி. ரோடு, இணையதளங்கள். இருபத்துநாலு கொட்டேஷன்கள். மொத்தத்தையும் ஒரு தாளில் அச்செடுத்தேன். கீழே மூன்று கையெழுத்துக் கட்டங்கள்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். மூன்றிலும் நானே கையெழுத்துப் போட்டேன். ஒரே ஆள் போட்டது போலத் தெரியக்கூடாது என்று ஒப்புதலுக்கு மட்டும் பச்சைப் பேனா.

விலை கேட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று வாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விலை கேட்டவனை வியாபாரிகள் விடுவதில்லை. "சார், முடிவு பண்ணிட்டீங்களா?" "சார், உங்களுக்காக இருநூறு கொறச்சிருக்கேன்." சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் கைப்பேசி அடிக்கும். ஒருவர் சாப்பிட்டாச்சா என்றுகூடக் கேட்டார். முதல் வாரத்திலேயே முடிவு செய்திருக்கலாம். நான் செய்யவில்லை.

கூப்பிட்டவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரே கேள்வி கேட்டார்கள். ப்ராசஸர் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்காரர், "யாவ போர்டு சார்?" என்றார், எந்த மதர்போர்டில் மாட்டப் போகிறீர்கள் என்று. மதர்போர்டு விற்பவர், எந்த ப்ராசஸர் என்றார். கிராபிக்ஸ் கார்டு விற்ற ஓசூர் கடைக்காரர், எல்லாவற்றையும் உள்ளே பூட்டும் கேபினட் என்ன அளவு என்றார். எங்கள் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் முதல் விதி: ஒரு வெண்டரின் விவரத்தை இன்னொரு வெண்டரிடம் சொல்லாதே. நான் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்.

"அது கான்ஃபிடென்ஷியல்."

எஸ்.பி. ரோட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். பிறகு, "சார், நீங்க ஆர்மியா?" என்றார்.

அந்தச் சனிக்கிழமைதான் கெடுவுக்கு முந்தைய நாள். பெட்டிகளை மாடிக்கு ஏற்றிப் பிரித்தேன். எல்லாம் புதுசு, எல்லாம் அதனதன் வரிசையில் ஆகக் குறைந்த விலை. கட்டில்மேல் பரப்பிப் பார்க்க நிறைவாக இருந்தது. கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டு, ப்ராசஸரைக் கையில் எடுத்தேன். அதன் அடிப்பக்கம் முழுக்க நுண்ணிய ஊசிகள். மதர்போர்டில் அது உட்கார வேண்டிய சதுரத்தைத் திறந்தேன். அங்கேயும் ஊசிகள். காணொளியில் ஒரு பக்கம்தான் ஊசி இருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் கிடைத்திருக்கிறது, அதிகம் கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். (நெஜமா அப்படித்தான் நெனச்சேன்.)

தொழிற்சாலையில், உட்கார மறுக்கும் பாகத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார்கள். 'டக்' என்று உட்காரும். நானும் அழுத்தினேன். 'டக்' என்று வரவில்லை. 'நறுக்' என்று வந்தது.

எடுத்துப் பார்த்தபோது ப்ராசஸரின் ஒரு மூலையில் பதினோரு ஊசிகள் சாய்ந்திருந்தன. மதர்போர்டில் எத்தனை என்று எண்ண முடியவில்லை. சரி, மற்றதைப் பார்ப்போம் என்று ராம் என்ற நினைவகப் பட்டையை எடுத்தேன். அதன் பள்ளம் ஓர் இடத்தில், போர்டின் மேடு வேறிடத்தில். கிராபிக்ஸ் கார்டைக் கேபினட்டுக்குள் வைத்தேன். ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்ததில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றது. அந்தக் கார்டு கேட்கும் இணைப்பு, மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வந்த வயர் எதிலும் இல்லை. எட்டுப் பொருளில், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. ஒன்றுதான் சமர்த்தாகப் போய் மதர்போர்டில் உட்கார்ந்தது. மானிட்டர் யாரோடும் சேர வேண்டிய அவசியம் இல்லாமல் ஓரமாக நின்றது.

பெட்டிகளைப் படம் எடுத்து சதீஷுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் அழைத்தான்.

"ஏல, பொட்டியில பேர் போட்டுருக்குல்லா? ப்ராசஸர் ஒரு கம்பெனிக்காரன், போர்டு அவனோட போட்டிக்காரனுக்கு உள்ளது. அது ரெண்டும் சேரவே சேராதுல."

"ரேட் ரெண்டும் நல்ல ரேட்டுல."

"ரேட்டா?" அவனுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. அடங்கியதும் மெதுவாகக் கேட்டான். "யார்ட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

கேட்டிருக்கலாம்தான். அன்று சாயங்காலம், அந்த மூன்று வாரத்தில் வேலை நேரத்துக்கு வெளியே நான் பேசிய ஆட்களை எண்ணிப் பார்த்தேன். வெங்கடம்மா, மெஸ்காரர், இருபத்துநாலு கொட்டேஷன் கொடுத்தவர்கள். தொழிற்சாலையில் ஒரு பொருளை வாங்குமுன் டிசைன் பிரிவு கேட்கும், தரப் பிரிவு கேட்கும், அதைப் பயன்படுத்தப்போகிறவர் வந்து சண்டை போடுவார். அவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காகிதம் எங்களிடம் வரும். இத்தனை வருடம் அவர்களை வேலையைத் தாமதப்படுத்துகிறவர்கள் என்று திட்டியிருக்கிறேன். என் அறையில் பர்ச்சேஸ் பிரிவு மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு எட்டுப் பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் கணினி பழுது பார்க்கும் மஞ்சுநாத்திடம் போனேன். வாசலில் வெங்கடம்மா, "என்னப்பா, சம்பந்தம் தட்டிப் போச்சா?" என்றார். ஆட்டோக்காரர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். பத்து ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார்.

மஞ்சுநாத் கன்னடக்காரர், என் வயதுதான் இருக்கும். பொருள்களை மேசையில் வரிசையாக வைத்தார். ப்ராசஸரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரோ இறந்த வீட்டுக்கு வந்தவர் போலக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு சார் இத செலக்ட் பண்ணது?"

"மூணு பேர் பாத்து ஓகே பண்ணது," என்றேன். பொய் இல்லை. கையெழுத்து இருக்கிறது.

"சார், இந்த ஓசூர்ல தமிழ் ஆளு, தெலுங்கு ஆளு, கன்னட ஆளு எல்லாரும் ஒரே டீக்கடையில நின்னு பேசிக்கிறோம். இதுங்க எட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது சார். சான்ஸே இல்ல."

"நாலு மணிக்குள்ள எதாவது பண்ண முடியுமாங்க?"

"நாலு மணிக்கு என்ன சார்? ஆன்லைன் எக்ஸாமா?"

"ஆமா," என்றேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, புதுப் பொருள் எங்கேயும் எடுக்க முடியாது என்றார். "பேஜார் பண்ணிக்காதீங்க சார். போர்டும் ப்ராசஸரும் போச்சு, அத விடுங்க. மத்ததுல ஆனதெல்லாம் மாத்திக் குடுக்கறேன். பத்து நாள் டைம் குடுங்க. ஆனா எக்ஸாம் கஷ்டம் சார்." பிறகு, என்ன விளையாட்டு ஆடப் போகிறீர்கள் என்று அவராகவே கேட்டார். அந்த மூன்று வாரத்தில் அதை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். எக்ஸாம் என்று சொன்னதை இருவருமே திரும்பப் பேசவில்லை.

மாலை நாலு மணிக்குக் கைப்பேசியில் சேர்ந்தேன். கேட்டுப் பழகிய மூன்று குரல்கள். நாலாவதாக ஒன்று, இளைய குரல், மரியாதையான குரல்.

"அண்ணா வணக்கம். நீங்கதான அந்தக் கொட்டேஷன் அண்ணா?"

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் நன்றாகத்தான் ஆடினான். ஒருமுறைகூட யாரும் அவனிடம் "பின்னாடி பாரு" என்று கத்த வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரம் கேட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தண்ணீர் வரவில்லை.

மஞ்சுநாத் சொன்ன நாளைவிட ஒரு நாள் முன்னதாகவே கணினி தயாரானது. பட்ஜெட்டைத் தாண்டி எவ்வளவு போனது என்று எழுத மாட்டேன், அலுவலகத்தில் இன்னும் எனக்குப் பெயர் இருக்கிறது. நாலு பேரில் யாராவது விடுப்பு எடுத்தால் மட்டும் சதீஷ் என்னைக் கூப்பிடுவான். நாலு பேருமே ஒழுங்கான ஆட்கள். அதிகம் விடுப்பு எடுக்கவில்லை.

பிறகு எனக்கு உண்மையாகவே கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குக் காவேரிப்பட்டினம். பெண் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் இந்தக் கதையை அவளிடம் போனில் சொன்னேன். அது நான் செய்த இரண்டாவது தவறு. முகூர்த்தப் புடவை எடுக்கப் போனபோது, மொத்தக் குடும்பமும் கேட்க மச்சான் ஆரம்பித்தான்: "மாமா, பொடவ இங்க எடுத்தாச்சு. ரவிக்கத் துணி தர்மபுரியில வெல கம்மியாம். கலரு சொல்லிடாதீங்க, கான்ஃபிடென்ஷியலு." அன்று முதல் மாமனார் வீட்டில் நான் 'கான்ஃபிடென்ஷியல்' மாப்பிள்ளைதான். மாங்காய் சீசனில் அங்கிருந்து கூடை வந்தால் மேலே ஒரு சீட்டு இருக்கும். அதில் மூன்று கையெழுத்துக் கட்டங்கள் போட்டிருப்பார்கள். ஒன்றில் மாமியார் பெயர், ஒன்றில் மச்சான் பெயர். மூன்றாவதை நான் போட்டு போட்டோ அனுப்ப வேண்டும். என் மனைவி கொத்தமல்லிக் கட்டு வாங்கும்போதும் திரும்பிப் பார்த்து, "ஒரு கடைதான் கேட்டேன், பரவாயில்லையா?" என்பாள்.

கணினி இப்போதும் நன்றாக ஓடுகிறது. அதில் அவள் ஒரு நர்சரிப் பள்ளிக்குக் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் இடம் போதவில்லை என்று வேண்டாதவற்றை நீக்கச் சொன்னாள். அந்த விளையாட்டைத் திறந்து பார்த்தேன். ஆடியவர் கணக்கில் மொத்தம் எத்தனை நேரம் ஆடினார் என்று அதுவே குறித்து வைத்திருக்கும்.

என் பெயருக்கு எதிரே ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் என்று இருந்தது.