பதினொன்றே கால் போராட்டம்

ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு வரலாற்று நகரம், ஓர் எழில்மிகு கிராமம், ஓர் இயற்கைக் காட்சி கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று சுற்றுலா அலுவலகம் முடிவு செய்தது. முடிவு செய்த பிறகு இல்லாமல் போகுமா? தங்கவயலில் மூன்றும் ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்டன. ராபர்ட்சன்பேட்டை கடைவீதி வரலாற்று நகரம். தங்கச் சுரங்கம் மூடிய பின்னும் தொழிலாளர் சனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் நந்திதுர்க் லைன் வீடுகள் எழில்மிகு கிராமம். சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேடு இயற்கைக் காட்சி.

எழில்மிகு கிராமத்தில் குழாய் கிடையாது. அதற்காகத் தலை நரைக்கும்வரை போராடியவர் தோழர் தசரதன். துண்டறிக்கை படித்தே தமிழ் கற்றவர் ஆதலால், காப்பி ஆறியிருந்தாலும் "வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்பார். அந்தக் காப்பிக்கான தண்ணீரை அவர் மனைவி பாக்யலட்சுமி அடுத்த லைனிலிருந்து சுமந்து வருவாள்.

முதல் சுற்றுலாப் பேருந்து வந்த அன்று தசரதன் குழாய் கேட்டுச் சாலைக்குக் குறுக்கே உட்கார்ந்தார். சுரங்க வழக்கப்படி தர்ணாவும் ஷிப்டு முறைதான். காலை ஷிப்டு எழுந்தால் மதிய ஷிப்டு உட்காரும். அவர் முழங்கினால் லைன் முழுக்க "ஒழிக" என்று திருப்பிச் சொல்லும். எது ஒழிக என்று கேட்கும் கெட்ட பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

பயணிகள் இறங்கிப் படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள். மறுநாள் சுற்றுலா அதிகாரி ஹரிஷே நேரில் வந்தார்.

"தசரதன் சார், சூப்பர்! ஆனா பஸ் வர்றதுக்குள்ள முழக்கம் பாதி முடிஞ்சிடுச்சு. நாளைலேருந்து பதினொரு மணிக்கு வெச்சுக்கலாமா?"

"இன்னா தம்பி, போராட்டத்துக்கு நேரம் குறிக்க நீ யாரு? வன்மையாகக் கண்டிக்கிறேன்!"

"ஆஹா, இதே கோவம்தான் வேணும்!"

தசரதன் யோசித்தார். இத்தனை காலத்தில் எந்த அதிகாரியும் அவர் முழக்கத்தை முழுதாகக் கேட்க ஆசைப்பட்டதில்லை. "பதினொண்ணே கால்" என்று கடுமையாகப் பேரம் பேசி வென்றார்.

கிராமத்துக்குப் பிளாஸ்டிக் குடம் பொருந்தவில்லை என்று அடுத்த வாரம் பித்தளைக் குடங்கள் வழங்கப்பட்டன.

"காலிக் கொடத்தையே தூக்க முடியல. உங்க போராட்டத்துல பாரம்தான் ஏறிச்சு" என்றாள் பாக்யலட்சுமி.

"மக்கள் பார்வை நம்ம மேல திரும்பியிருக்குதே, அத்தப் பாரு" என்றபடி மீசைக்குச் சாயம் பூசினார் தசரதன்.

அப்போதுதான் அந்த விபரீதம். ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ தவறுதலாக அவருடைய பழைய மனுவைப் படித்துவிட்டார்கள். லாரி நிறையக் குழாய்கள் வந்து நின்றன. பாக்யலட்சுமி குடத்தைக் கீழே வைத்தாள்.

ஹரிஷ் ஓடி வந்தார். "சார், கொழாய் வந்தா கிராமம் போச்சு! பதினொண்ணே காலும் போச்சு!"

தசரதன் லாரியைப் பார்த்தார். பேருந்தைப் பார்த்தார். பயணிகள் கேமராவோடு காத்திருந்தார்கள். கை தானாக உயர்ந்தது.

"தொழிலாளர்களைக் கலந்தாலோசிக்காமல், தன்னிச்சையாகத் திணிக்கப்படும் குழாய்..."

"ஒழிக!" என்றது லைன்.

"இன்னாங்க, அது நம்ம கொழாய்ங்க!" பாக்யலட்சுமியின் குரல் முழக்கத்தில் அமுங்கிப் போனது.

ஓட்டுநர் பயந்து லாரியைத் திருப்பினார். தசரதனின் வாழ்நாளில் அரசு உடனடியாகப் பணிந்த கோரிக்கை அது ஒன்றே. அவர் கழுத்தில் மாலை விழுந்தது. வெற்றி முழக்கத்தில் தொண்டை வறண்டு, தலைவர் முதல் கடைசித் தொண்டர்வரை ஒரே குரலில் தண்ணீர் கேட்டார்கள்.

"லாரி பின்னால ஓடுங்க. பங்காருபேட்டை தாண்டறதுக்குள்ள புடிச்சிடலாம்" என்றாள் பாக்யலட்சுமி.

ஒருவரும் அசையவில்லை. பயணிகள் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.